ஒரெஸ்ட்டின் இதயம் நிதானித்த நாள்

என் புருஷன் ஒரெஸ்ட்டுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அவனுக்கு மாற்றி வைத்த இதயமும் அப்படியே வந்து வாய்த்தது. மாற்றும்போது ரத்தக்குழாய்களைத் தைத்துவிடுகிறார்கள், நரம்புகளைத் தைக்க முடிவதில்லை. மூளையிலிருந்து இறங்கிவந்து இதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பும் அறுபட்டுப் போனது. அதிலிருந்து நான்கு வருடமாக, அவன் டிவி முன்னால் வாயைப் பிளந்து தூங்கினாலும் நாடி நூற்றை ஒட்டியே ஓடியது. திடீரென்று குறைந்தால் அலட்சியம் கூடாது, உடம்பு அந்த இதயத்தை ஏற்காமல் தள்ள ஆரம்பித்திருக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எண்பதுக்குக் கீழே போனால் கத்தும்படி அவன் கைக்கடிகாரத்தை நான்தான் அமைத்துவைத்தேன். அது ஒருநாளும் கத்தியதில்லை.

குளிர்காலம் வந்துவிட்டால், கனடாவில் எங்கள் சின்ன ஊரான வெக்ரவில்லில் எல்லோரும் கர்லிங் அரங்கில்தான் கிடப்போம். ஒருவர் பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட, இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். நரம்பில்லாத இதயம் நினைத்த நேரத்தில் வேகமெடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் ஏறிவந்து அதைக் கிளப்ப வேண்டும். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரெஸ்ட் தனியாக வெறும் தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை மதியமும் தேய்த்தான். அவனுடைய அணியிலேயே ஆடும் வெண்டல் சும்மா இருப்பானா?

"ஒரெஸ்ட்டு, அப்படியே எங்க வீட்டு வாசல் பனியையும் தள்ளிட்டு வந்துரேன்."

"உன் பொண்டாட்டி காலையிலயே கூப்பிட்டு தள்ளச் சொன்னா. காப்பியும் போட்டுக் குடுத்தா. உனக்குக் குடுக்குற காப்பி இல்லடா, நல்ல காப்பி."

அன்றைக்கு இவர்கள்தான் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் வாங்கித் தருவது எங்கள் வழக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் வாயாலேயே மறுபடி தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் போயிருக்கும். கடிகாரம் கத்தியது.

எழுபத்தாறு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்திரண்டு.

"எழுந்திரு, கார்ல ஏறு."

"இன்னும் ரெண்டு பேருக்கு வாங்கித் தரணும் லோர்னா."

"வெண்டல் வாங்கித் தருவான். எழுந்திருன்னா எழுந்திரு."

"எனக்கு ஒண்ணும் பண்ணலடி. சொல்லப்போனா ரொம்ப சுகமா இருக்கு."

"செத்தவனெல்லாம் கடைசியா அப்படித்தான் சொல்லிட்டு இருந்திருப்பான்."

எட்மன்டன் நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். ஆட்டக் காலணியும் கையில் துடைப்பமுமாக அவனை அப்படியே கிளப்பி வந்திருந்தேன். காலணியில் ஒரு கால் பனியில் வழுக்குவதற்கென்றே செய்தது. அவசரப் பிரிவின் வழவழத் தரையில் அவன் துடைப்பத்தை ஊன்றி, சறுக்கிச் சறுக்கி நடந்துபோனான். வரவேற்பில் இருந்த பெண் துடைப்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கூட்டிப் பெருக்க எங்கள்ட்ட ஆள் இருக்காங்கம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துடைப்பத்தையே பிடுங்கியிருப்பேன். ஒரெஸ்ட்தான் சிரித்துச் சமாளித்தான்.

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இதயத்திலிருந்து பொடிப்பொடியாகச் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து, அவன் இல்லாத வீட்டை யோசித்துப் பார்த்தேன். குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போவது யார் என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

டாக்டர் மிரெய் கொடே நான்கு வருடமாக அவனைப் பார்ப்பவர். ஒரு ஸ்டீல் கிண்ணம் நிறைய ஐஸ் தண்ணீரோடு உள்ளே வந்தார்.

"கிள்ளிப் பாத்ததுல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்ப ஏன் டாக்டர் குறையுது?" என்றேன்.

"எனக்கு ஒரு சந்தேகம். ஒரெஸ்ட், மூச்சப் பிடிச்சிட்டு மூஞ்சிய இதுல வைங்க."

வைத்தான். திரையில் எண்பத்தொன்று என்று இருந்தது எழுபதுக்கு வந்தது, அறுபத்துநான்குக்கு வந்தது. நான் டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன். அவரோ திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியில ஜில்லுன்னு பட்டா இதயத்த மெதுவாக்கச் சொல்லி மூளை அந்த வேகஸ் நரம்பு வழியாத்தான் சொல்லி அனுப்பும். நரம்போட நுனியில அசிடைல்கோலின்னு ஒண்ணு துளித்துளியா சுரக்கும். அது பட்டாத்தான் இப்படி நிதானமாகும். போன வருஷம் இதே மாதிரி பாத்தப்போ ஒரு துடிப்புகூடக் குறையல."

"அறுந்துபோன நரம்புதானே அது?"

"அறுந்ததுதான். மறுபடி வளந்திருக்கு. எல்லாருக்கும் வளராது. உங்க புருஷன் உடம்பு சரியாகிறதப் பாத்துதான் நீங்க காரை விரட்டிட்டு வந்திருக்கீங்க."

தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரெஸ்ட் நிமிர்ந்தான். என்னைக் கேலி செய்யப்போகிறான், வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் டாக்டரைக் கேட்டான்.

"நரம்பு யாருது? என்னுதா, அந்தப் பையனுதா?"

இதயம் கொடுத்தவர் ஓர் இளைஞன் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

"உங்களுது. உங்க நரம்பு உள்ள போயிருக்கு. அந்த இதயம் அதுக்கு இடம் குடுத்திருக்கு."

ஒரெஸ்ட் ஈரக் கையை நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தான்.

"என் உடம்பு அத ஏத்துக்குமான்னுதான் இத்தன வருஷமா எல்லாரும் பயந்தோம். அது என்னைய ஏத்துக்குமான்னு யாருமே கேக்கல."

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அழுதேன், அழுதுகொண்டே துண்டை எடுத்து அவன் தாடியைத் துடைத்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை. துடைத்து முடிப்பதற்குள், இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டு அவன் மறுபடியும் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துவிட்டான்.