பின்னங்காலுக்குச் சரிகை

செஞ்சி வட்டாரத்தில் காமராஜ் ஏறாத மின்கம்பம் கிடையாது. அப்பேர்ப்பட்ட லைன்மேன் விரல் நீள ஊசிக்கு முன்னால் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான் என்றால், அதற்குக் காரணம் ஒரு குதிரை. முழுக் குதிரைகூட இல்லை, குதிரையின் பின்பாதி.

கோட்டை அடிவாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் போடப்போகும் சரித்திர நாடகத்தில் ராஜா வேஷம் கேட்டாள் அவன் மகள் தமிழினி. வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் உயரம் போதவில்லை என்று சொல்லி, கன்னியப்பன் வாத்தியார் அவளுக்குக் குதிரையின் பின்னங்கால்களைக் கொடுத்துவிட்டார். முன்னங்கால்கள் எழிலனுக்கு. தலையும் அவனுக்கே.

"பின்னங்கால யாரு நைனா பாக்கப் போறா? நான் போவல" என்று அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெண் அழுதால் காமராஜுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "ராஜாவுக்கு வாடகை டிரஸ்தான் வருது. உன் குதிரைக்கு நான் என் கையால அந்தக் காலத்துச் சரிகை வேலை செஞ்சு போர்த்தறேன். ஊரே பின்னங்காலத்தான் பாக்கும், பாரு" என்று சொல்லிவிட்டான். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட மனைவி மீனம்பாளைக் கூப்பிடுகிற ஆள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

திருவண்ணாமலை ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் ஜெயஸ்ரீ ஆரி வகுப்பு நடத்துகிறாள். கல்யாண ஜாக்கெட்டுக்குப் பூப்போடக் கற்றுக்கொள்ளும் பெண்கள் நடுவில், காக்கிச் சட்டையோடு போய் நின்றான்.

"இன்னா சார், ஜாக்கெட்டு யாருக்கு? வீட்டம்மாவுக்கா?"

"குதிரைக்கு."

மாடியே சிரித்தது. காமராஜ் சிரிக்கவில்லை.

முதல் வாரம் அவன் தைத்ததைவிடக் குத்திக்கொண்டதுதான் அதிகம். ஆரி ஊசியின் கொக்கியில் நூல் மாட்டினால் துணி கிழிந்தது. துணி பிழைத்தால் நூல் அறுந்தது. ஒருநாள் ஊசியை வைத்துவிட்டு, கோட்டைக் கோயில் தூண் ஒன்றில் கல்லில் செதுக்கிய குதிரையைப் போனில் காட்டினான். அதன் முதுகுத் துணியில் கொடி கொடியாக ஓடியது வேலைப்பாடு. அதுதான் அவனுக்கு வேண்டும்.

ஜெயஸ்ரீ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இதுக்கு ஆரி வேணாம் சார். அந்தக் காலத்துல கெட்டிச் சரிகைய துணிக்குள்ள வுட மாட்டாங்க. மேல படுக்க வெச்சு, மெல்லிசு நூலால அங்கங்க கட்டிகினே போவாங்க."

"கம்பத்து மேல பீங்கான்ல லைன் கம்பியக் கட்டுற மாதிரியா?"

கம்பம் ஏறியறியாத ஜெயஸ்ரீ, "அப்டித்தான் வெச்சுக்குங்களேன்" என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். கம்பியைத் தொய்யவிடாமலும் முறுக்கிவிடாமலும் கட்டத் தெரிந்த கை, சரிகையையும் அப்படியே கட்டியது. கொடி ஓடியது, இலை விட்டது, இலைக்கடியில் ஒரு கிளியும் வந்து உட்கார்ந்தது. ஜாக்கெட்டுக்காரப் பெண்கள் துணி இழுத்துக் கட்டிய தங்கள் சட்டத்தை விட்டுவிட்டு அவன் சட்டத்தை எட்டிப் பார்த்தார்கள். "கம்பத்துலகூட இவ்ளோ நேரம் இருந்ததில்ல" என்று, வீட்டிலும் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தவனைப் பார்த்து மீனம்பாள் அலுத்துக்கொண்டாள். ஆனாலும் சோற்றுத் தட்டைச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு பக்கம் முடிந்த நேரத்தில் மழையும் காற்றுமாக அடித்து, அவலூர்பேட்டைப் பக்கம் கம்பங்கள் சாய்ந்தன. வேலை முடிந்து வந்தபோது மறுநாள் நாடகம். குதிரையின் இடப்பக்கம் வெறும் சிவப்புத் துணி. காமராஜ் பதறவில்லை. ராஜா குதிரையோடு, பார்ப்பவருக்கு இடதுபக்கமிருந்துதான் மேடைக்கு வருவார் என்று வாத்தியாரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தான். குதிரை வலதுபக்கம் பார்த்து நடந்தால் சனத்துக்குத் தெரிவது சரிகைப் பக்கம்தானே?

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். நாடகத்தன்று மேடையின் இடதுபக்கத்தை மூன்றாள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. "எல்லாரும் வலதுபக்கமா வாங்க" என்று வாத்தியார் கத்தினார்.

காமராஜ் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய், குதிரைக்குள் குனிந்து நின்ற மகளிடம் சொன்னான்: "தமிழு, இப்பிடி வந்தா வெறுந்துணிப் பக்கம்தான்மா தெரியும். நைனாவால முடிக்க முடியலம்மா."

குதிரையின் பின்பாதி மட்டும் ஒருமுறை குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாத அவமானத்தில், போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டான்.

மேளம் முழங்கியது. ராஜா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வலதுபக்கமிருந்து மேடைக்கு வர முயன்றார். குதிரை வரவில்லை. உள்ளே ஏதோ தள்ளுமுள்ளு. "ஏய், இன்னாடி பண்ற?" என்று குதிரைத் தலைக்குள்ளிருந்து எழிலன் குரல் கேட்டது. குதிரை நின்ற இடத்திலேயே வட்டமடித்துத் திரும்பியது. முதலில் வால் வந்தது. பிறகு பின்னங்கால்கள், ஜம்மென்று எட்டு வைத்து.

தமிழினி குதிரையைப் பின்பக்கமாகவே நடத்திக்கொண்டு வந்தாள். எழிலன் இழுபட்டான். கடிவாளத்தை விடாத ராஜாவும், ஐயோ பாவம், கூடவே இழுபட்டார். மேடை விளக்கில் கொடியும் இலையும் கிளியும் தகதகவென்று சனத்தின் முகத்துக்கு நேராகப் போயின.

கோட்டை மலையே எதிரொலிக்கிற மாதிரி கூட்டம் சிரித்தது. அப்புறம் கைதட்டியது. ஜாக்கெட்டுக்காரப் பெண்கள் விசிலே அடித்தார்கள். காமராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. காக்கிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

நாடகம் முடிந்து, வியர்வையில் குளித்தவளாகத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தாள் தமிழினி.

"உள்ள ஒண்ணுமே தெரியல நைனா. பின்னங்காலப் பாத்தாங்களா?"

"முன்னங்காலு எதுன்னே எவனுக்கும் தெரிலம்மா" என்றான் காமராஜ்.