இருட்டுக்கு விட்ட பாத்தி

லிபியா அப்பாவின் விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாமந்தித் தழையின் பச்சைக் கறை நகக்கண்களில் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. சோப்பு போட்டாயிற்று, வெந்நீர் விட்டாயிற்று, போகிற வழியாக இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் இந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்திருக்க அவர் யாரையும் விட்டதில்லை. ரியோநேக்ரோ டவுனிலிருந்து சவப்பெட்டிக்காரர்கள் வருவதற்குள் சட்டையும் மாற்றியாக வேண்டும்.

"விடு, அது போகாது," என்றாள் அம்மா எர்சிலியா, கதவோரம் நின்றபடி. "கல்யாணத்தன்னைக்கே அந்தக் கறையோடதான் எனக்கு மோதிரம் போட்டாரு."

காலையில் அப்பா அர்செசியோ பாத்தி நடுவில் உட்கார்ந்தார். களை பிடுங்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, மறுகோடியில் வேலை செய்துகொண்டே லிபியா அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். உர விலையைப் பற்றி, கூரையில் கிழிந்திருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி. பதில் வரவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற மனிதரா அவர்? வெயில் ஏறிய பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பிணத்தோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியாது. அதை அம்மாவிடமும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது. கூடத்து மேஜைமேல் வைத்தார்கள். வைத்துவிட்டுப் பார்த்தால், பெட்டிமேல் போட வீட்டில் ஒரு பூ இல்லை. ஆயுள் முழுக்கப் பூ வளர்த்த மனிதர். தோட்டம் முழுவதும் முழங்கால் உயரத்துக்கு வெறும் பச்சை. பக்கத்துத் தோட்டத்து கில்தார்தோவுக்கு ஆளனுப்பி லில்லி வாங்கி வந்தார்கள். எர்சிலியா யாரையும் தொடவிடவில்லை. தானே உட்கார்ந்து, தண்டைச் சாய்வாக நறுக்கி, மகரந்தம் சட்டையில் படாமல் கிள்ளியெறிந்து, தலைமாட்டில் உயரமாகவும் கால்மாட்டில் தாழ்வாகவும் அடுக்கினாள். அம்மா அழுதால் தேவலை என்று லிபியாவுக்கு இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் எர்சிலியா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் போய், முற்றத்து விளக்கைப் போட்டாள்.

லிபியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விளக்கு பொழுது சாய்ந்த பிறகு எரிந்து அவள் பார்த்ததே அபூர்வம்.

சாமந்தியின் குணம் அப்படி. ராத்திரி தலைக்குமேல் விளக்கு எரிந்தால் பகல் என்று நம்பி வளர்ந்துகொண்டே போகும், மொட்டு வைக்காது. வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்து இருட்டுக்கு விட வேண்டும். பிறகு பூக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. அர்செசியோ மாற்றி மாற்றி நடுகிறவர் என்பதால், எப்போதும் ஏதாவது ஒரு பாத்தி இருட்டில் இருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. சாப்பாடு அடுக்களை மூலையில். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வளைவிலேயே விளக்கை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். டிசம்பரில் மாதாவுக்காக ஊரே வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இந்த வீடு மட்டும் எழவு விழுந்த வீடு மாதிரி கிடக்கும். சின்ன வயதில் ஒரு தடவை லிபியா திருட்டுத்தனமாக ஒன்றை ஏற்றி வைத்தாள். அப்பா வந்து, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு விரலால் திரியைக் கிள்ளி அணைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

இப்போது வீட்டை ஒட்டிய பெரிய பாத்தியை, மே மாத அன்னையர் தினத்துக்கென்று, போன திங்கட்கிழமைதான் இருட்டுக்கு விட்டிருந்தார். இந்த வருஷத்துப் பிழைப்பே அதுதான். அந்த ஞாயிறு தாண்டினால் வெள்ளைச் சாமந்தியை மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

"அம்மா, பாத்தி இருட்டுல இருக்கும்மா."

"தெரியும்."

"சாமி முன்னாடி மெழுகுவர்த்தி இருக்குல்ல. வர்றவங்களுக்கு வழி தெரியும்."

"என் வீட்டுல சாவு விழுந்திருக்குடி. விளக்கு எரியணும். ஜெபம் நடக்குற ஒம்பது ராத்திரியும் எரியணும்."

ஜெபத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாம் பூ வளர்க்கிறவர்கள். பழக்கம் விடுமா, வளைவிலேயே வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருட்டில் தட்டுத் தடுமாறி ஏறி வந்தவர்கள், முற்றத்து வெளிச்சத்தின் விளிம்புக்கு வந்ததும் தயங்கி நின்றார்கள். விளக்கைப் பார்த்தார்கள். பாத்தியைப் பார்த்தார்கள். உள்ளே நுழைய யாருக்கும் மனசு வரவில்லை.

கில்தார்தோதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். எர்சிலியாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, பாத்திப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அண்ணன் இதை இருட்டுக்கு விட்டுட்டாரே?"

"விட்டுட்டாரு."

"எங்கிட்ட கறுப்புப் பிளாஸ்டிக் சும்மாதான் கெடக்கு. நாலு பேரு சேந்தா ஒரு நிமிஷத்துல இழுத்துப் போட்டுறலாம். விளக்கு பாட்டுக்கு எரியட்டும்."

நல்ல யோசனை. லிபியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம் கில்தார்தோ," என்றாள் எர்சிலியா. "அதுங்களும் பாக்கட்டும். அதுங்க தூங்கணும் தூங்கணும்னுதான் நான் என் வீட்டுக்குள்ளயே குருடி மாதிரி சுவத்தைத் தடவிட்டு நடந்தேன். பிரசவ வலி எடுத்தப்போ கூட, விளக்கைப் போடலாமான்னு அவரைக் கேட்டுக்கிட்டுதான் போட்டாங்க. இன்னைக்கு அவரு தூங்கட்டும். இதுங்க முழிச்சிருக்கட்டும்."

கில்தார்தோ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பெண்கள் ஜெபமாலையைத் தொடங்கினார்கள். லிபியா எல்லோருக்கும் கட்டங்காப்பியும் வெல்லத் தண்ணீரும் கொடுத்தாள். வாசல் சுவிட்சைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் கை தானாக மேலே போனது. அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. சாகப்போகிற அன்றைக்கும் தன் பாத்தியில் போய் உட்கார்ந்த மனிதருக்கு இது அடுக்குமா?

மறுநாள் அடக்கம் முடிந்தது. ஜெபம் மட்டும் இரவுதோறும் தொடர்ந்தது, விளக்கும் எரிந்தது. நடுவில் ஒரு நாள், மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், எர்சிலியா சுவிட்சைப் போட, பல்பு ஒரு தடவை பளிச்சென்று அடித்துவிட்டு அணைந்துபோனது. அவள் இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருதான். கிள்ளிட்டாரு பாரு," என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்குத்தான் அழுதாள். சத்தம் போட்டு, சால்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டு.

லிபியா தோட்டத்துக் கொட்டகைக்குப் போனாள். பாத்திகளுக்குப் போடும் பல்புகளை அப்பா வைக்கோலுக்குள் பொதிந்து பத்திரமாக வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். பெரிய பல்பாகப் பார்த்து எடுத்து வந்தாள். நாற்காலிமேல் ஏறி மாட்டி, தானே சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் முன்னைவிடத் தூரமாகப் பாய்ந்தது. ஒன்பதாம் ராத்திரி ஜெபம் முடிந்த பிறகுதான் அதை அணைத்தார்கள்.

அன்னையர் தினத்துக்கு முந்தின வாரம் லாரி வந்தது. தூரத்து வரிசைகள் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தன. அறுத்து, கட்டுக் கட்டி ஏற்றினார்கள். வீட்டை ஒட்டிய பகுதியில் மட்டும், அரைவட்டமாக, ஒரு பூ இல்லை. செடிகள் நெஞ்சளவு உயர்ந்து நின்றன. நுனியில் கடுகு கடுகாக மொட்டு அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. லாரிக்காரன் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினான்.

லாரி போன பிறகு, எர்சிலியா அந்த அரைவட்டத்தின் ஓரமாகவே நடந்தாள். வெள்ளை அறுத்த கட்டைகள் ஒருபக்கம், பச்சை ஒருபக்கம். கோடி வரை போய்த் திரும்பி வந்து நின்றாள்.

"வெளிச்சம் இவ்வளவு தூரந்தான் எட்டியிருக்கு," என்றாள்.

அன்று சாயங்காலம் லிபியா அடுக்களையில் சோள ரொட்டியைச் சுட்டு அடுக்கிவிட்டு, அறுப்புதான் முடிந்ததே என்று முற்றத்து விளக்கைப் போடப் போனாள். சுவிட்சில் கை வைக்கும்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"போடாதடி. அதுங்க இப்பதான் மொட்டு வைக்குது."

எர்சிலியா ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் அவர்களுக்குத் தெரியும்.