கால் பங்கு

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் கடைசி வாரத்தில் பக்கத்தில் இருந்தது யார், இல்லாதது யார் என்று ஆரம்பித்த வார்த்தை தடித்துப்போய், ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று ஆனது. ஆனால் அவர்களுடைய மனைவிமார் மட்டும் வருடத்துக்கு ஒரு நாள், புதுச் சரக்கு வந்து விலை இறங்கும் வாரத்தில், மொத்தக் கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டார்கள்.

மிளகாயும் மல்லியும் ஐந்து கிலோ, மிளகும் சீரகமும் ஒரு கிலோ எடுத்தால்தான் அங்கே மொத்த விலை. மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. இளையவளின் மகள் வெளியூரில் படித்தாள். ஒரு வீட்டுக்கு அதிகமான சரக்கு, இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் வருடம் முழுவதும் வந்தது. "புதுச் சரக்கு வந்துடுச்சா?" என்று மட்டும் கணவர்கள் கேட்பார்கள். யாரோடு போனாய் என்று கேட்கமாட்டார்கள். தெரியாததுபோல் இருப்பதில் அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.

மூத்தவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். எதைத் தொட்டாலும் அவள் கை தரம் பிரிக்கும். ஒரு பிடி மிளகைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, மிதக்கிற பொக்கையெல்லாம் காட்டிக் கடைக்காரரின் வாயை அடைப்பாள். மிளகாயைக் காம்போடுதான் வாங்குவாள். பொடியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். "அதுல என்ன கலந்திருக்குன்னு அரைச்சவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்" என்பாள்.

இளையவள் வேலை பார்த்த தையல் கடைக்குச் சரக்கைக் கொண்டுவந்து, துணி வெட்டும் மேசையில் பழைய போர்வையை விரித்துப் பங்கு போடுவார்கள். கடை முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "போன வருஷம் நம்ம தச்ச கோட்டைப் போட்ட மாப்பிள்ளை, கல்யாணம் முடியறவரைக்கும் தும்மினாராம்" என்று புலம்புவார்.

அந்த வருடம் பங்கு போடும்போது மூத்தவள் கையால் தடுத்தாள்.

"என் பங்குல எனக்குக் கால் பங்கு போதும்."

"ஏன்க்கா?"

"போன வருஷத்தது மிச்சம் இருக்கு."

அது பொய் என்று இளையவளுக்குத் தெரியும். பழைய சீசா காலியாகிற நாளும் புதுச் சரக்கு வருகிற நாளும் மூத்தவள் வீட்டில் முன்பின் ஆனதே இல்லை.

"மீதிய நான் என்ன பண்றது? என் வீடென்ன சத்திரமா?"

"நல்லாக் காயவச்சுக் காத்துப் போகாம மூடி வை. கெடாது."

"இருக்கிற ஒரே போக்குவரத்தும் வேண்டாம்னா நேராச் சொல்லிடுங்க."

"அப்படியெல்லாம் இல்ல, சின்னவளே" என்று சொல்லிவிட்டு, மூத்தவள் தன் சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போகிற வழக்கத்தை இளையவள் அன்று விட்டுவிட்டாள்.

வீட்டில் சீசாக்கள் போதவில்லை. மிஞ்சிய மிளகாயைப் பால்கனி வெயிலில் காயவைத்துத் தகர டின்னில் அழுத்திக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். குனியும்போதெல்லாம் அந்த டின்னைப் பார்த்து ஆத்திரம் வந்தது.

மூன்றாவது வாரம், தபால் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் சீருடையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தாள்.

"எங்க ஆபீஸ் அக்காவுக்கு நீங்க ஓரகத்திதானே? இப்ப எப்படி இருக்காங்க?"

"ஏன், என்ன?"

அந்தப் பெண் தயங்கினாள். "தெரியாதா? வயித்துல கட்டி. ஈரல் வரைக்கும் போயிடுச்சாம். மூணு மாசம்னு சொல்லிட்டாங்களாம். ஒரு மாசம் முன்னாடியே தெரியும், போன வாரம்தான் லீவு போட்டாங்க."

இளையவள் அளவெடுக்கும் நாடாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். தன்னோடு கடைக்கு வந்தபோதே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. வருடத்தில் கால் பங்கு மூன்று மாதம்.

அன்று சாயங்காலமே அந்த வாசலை மிதித்தாள். கதவைத் திறந்த பெரியவர், மூத்தவளின் கணவர், ஒரு கணம் திகைத்து, "உள்ள வாம்மா" என்றார். அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூத்தவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள்.

"இருக்கிற நாள எண்ணியா சாமான் வாங்கினீங்க?"

"வீணாப் போறத நான் என்னைக்கு வாங்கியிருக்கேன்? அவருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. எனக்கப்புறம் டப்பாவுல கிடந்து புழுதான் பிடிக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ அங்கயே அழுதிருப்ப. மிளகாய் தொட்ட கையால கண்ணைத் துடைச்சிருப்ப. அப்புறம் யாரு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?"

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடேயே அழுதாள்.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்து நேராக அங்கே போய்ச் சமைத்தாள். ஒரு வாரம் பொறுத்துக் கணவனிடம் சொன்னாள். "அண்ணி சாகக் கிடக்கறாங்க. சண்டைய விட வேண்டாம். பாத்துட்டு வந்தாப் போதும்." அவன் ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே கிளம்பினான். பெரியவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் நேராகப் போகும் என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். மூத்தவள் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல வழுக்கை" என்றாள்.

மூன்று மாதம் என்று சொன்னது பொய்த்தது. சரக்கு வாங்கிய ஏழாவது வாரம் அவள் போய்விட்டாள். சீசாக்களில் பாதி அப்படியே இருந்தது.

அடுக்களையை ஒழுங்கு செய்யப் போன இளையவள், "இதையெல்லாம் நான் எடுத்துட்டுப் போகட்டுமா மாமா? வீணாயிடும்" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா."

தினமும் தம்பி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். பெரியவர் காலையில் எழுந்ததும் சீரகச் சீசாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடுவார், பிறகு மிளகை, பிறகு மல்லியை. ஒரு நாள் இளையவள் அதைப் பார்த்துவிட்டு, "திறந்து திறந்து மூடினா வாசனை போயிடும் மாமா" என்றாள்.

"தெரியும். அவளும் திட்டுவா" என்றார் அவர். ஆனால் நிறுத்தவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது, சீசாக்களையெல்லாம் கழுவி, ஜன்னல் திண்டில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஒண்ணுலயும் வாசனை இல்லம்மா" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.