வர்றோம் என்று சொல்லாத வாசல்

"ஆஸ்பத்திரிலேருந்து கெளம்புறப்ப ஏம்மா யாருமே 'போயிட்டு வர்றோம்'னு சொல்ல மாட்டேங்குறாங்க?" என்று சிறுமியாக இருந்தபோது செம்மொழி கேட்டாள். "சொன்னா திரும்ப வரவேண்டியதாயிடும்டி" என்றாள், நடவு வேலைக்குப் போகும் அம்மா பொன்னுத்தாய்.

போன வாரம் அந்தப் பொன்னுத்தாய், புற்றுநோய்க்காக இடது கன்னத்தை அறுத்துத் தைத்த முகத்தோடு, மூக்கில் கஞ்சிக் குழாயோடு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினாள். "முதல் மாசந்தாம்மா ஆபத்து. காய்ச்சல், இருமல்னா ஒடனே வந்துடுங்க" என்று டாக்டரம்மா சொன்னதற்குத் தலையாட்டக்கூட இல்லை.

இன்று காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. திருப்பூரிலிருந்து செம்மொழி போனில் அழுததால்தான் அவள் அப்பா வீரையன் ஆட்டோவை வரச்சொன்னான். பொன்னுத்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று கையை ஆட்டினாள்.

"திரும்பப் போனா உசுரோட வர மாட்டோம்னு பயப்படுறா, பாய். எனக்கும் மனசு ஒப்பல" என்றான் வீரையன்.

டிரைவர் சேக் தாவூது இறங்கி வந்தார். "ஏன் தங்கச்சி, அந்த வாசலுக்கு நான் தெனம் எத்தனை சவாரி போயிட்டு வர்றேன்? ஒங்க எமன் என் வண்டிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு ஓடுறான். ஏறும்மா."

தைத்த உதடு சிரிப்பில் கோணியது. வலித்தது. ஏறிக்கொண்டாள்.

பாபநாசம் தாண்டியதும் காய்ச்சலில் சாலை கரைந்துபோனது. தண்ணீர் கட்டிய வயல்களில் வானம் கிடந்தது. நாற்றுகள் வரிசை வரிசையாக அவளோடு கூடவே நடந்து வந்தன. வரப்போரம் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சோறு வரும்வரை பசிக்கு அடக்கிய புகையிலையில் அவள் இடது கன்னம் புடைத்திருந்தது. பொன்னுத்தாயும் அப்படித்தான் பசியை அடக்கியவள். துப்பிவிடச் சொல்ல வாயெடுத்தாள். எச்சிலும் சீழுமே சீட்டில் வழிந்தன.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இன்னிக்கே வந்தீங்களே, அது நல்லது" என்றார் டாக்டரம்மா.

"பொழைச்சுடுவாளாம்மா?"

"பாப்போங்க."

கட்டில் காலியாகும்வரை வராந்தாத் தரையில் விரிப்புப் போட்டார்கள். வாடகையை நீட்டியபோது சேக் தாவூது, "தங்கச்சி எந்திரிச்சு ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

வேப்பமரத்தடியில் ஆட்டோ தனியாக நின்றது. வீரையன் தோள்துண்டைக் குழாயில் நனைத்து, சீட்டின் தையல் இடுக்குகளிலிருந்து கறையைத் துடைத்தான். துண்டை அலசி மறுபடியும் துடைத்தான். "மாரியம்மா" என்று முணுமுணுத்தபடி, ஈரம் காய்ந்து தடம் மறையும்வரை நின்றான். சேக் தாவூது திரும்புவதற்குள் உள்ளே போய், தரையில் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான்.