கத்திரிக்கோலுக்கு அப்புறம்

எனக்கு இந்தப் படம் பிடிக்கும், அந்தப் படம் பிடிக்கும் என்று யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லிவிடலாம். அதையே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டு, காட்சி காட்சியாக எதிராளிக்குச் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இடைவேளை வரைக்கும்கூட ஞாபகம் இருக்காது.

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அப்படித்தான் பழைய படங்களைச் சொன்னார்கள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரங்கள் போடுகிற கூச்சலில், தள்ளி நிற்கும்போது பேசினால் ஒன்றும் விழாது. கிட்டே வரும்போதுதான் பேச முடியும். ஆகவே கிட்டே வந்தால் ஒரு வரி, விலகினால் மௌனம், மறுபடி வந்தால் அடுத்த வரி. ஒரு படம் முடிய ஒரு நாள் வேலை சரியாக இருக்கும். அழுகைப் படமென்றால் மறுநாளும் இழுக்கும்.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. ஒருத்தருடைய படத்தை இன்னொருத்தர் சொல்லக் கூடாது. இஸ்திரி உருளையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு, கதாநாயகன் ஒற்றைக் குடையை வைத்துக்கொண்டு ஊர் ரவுடிகளையெல்லாம் துவைத்தெடுக்கும் படம். சூப்பர்வைசருக்கு, ஜெயிலிலிருந்து வந்த அப்பாவை மகளே அடையாளம் தெரியாமல் வேலைக்கு வைத்துக்கொள்ளும் படம். எது உசத்தி என்று தேநீர் நேரத்தில் அடித்துக்கொள்ளலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் படத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளைப் படக்காரி என்பார்கள். ஆள் குள்ளம், குரல் மட்டும் வெண்கலம். அவளோடு ஜோடி போட்டு மடிப்பவள் நெட்டை. பெயருக்கேற்ற உயரம், பெயருக்கேற்காத அடக்கம். குள்ளமும் நெட்டையும் மடித்தால் விரிப்பு கோணிக்கொண்டு போகும். அதனால் இவள் கையைத் தூக்குவாள், அவள் முதுகை வளைப்பாள். வருஷக்கணக்காக அப்படியே ஓடியது. படக்காரி சொல்வாள், நெட்டை கேட்பாள். கண்ணைத் துடைக்க வேண்டிய இடம் வந்தால் கையிலிருக்கும் விரிப்பிலேயே துடைத்துவிட்டு, அதை மறுபடி சலவைக்குப் போடுவாள். அப்படிக் கேட்கும் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் சொல்ல ஆசை வராது?

படக்காரியின் படம் தையல்காரி படம். ஏழைத் தையல்காரி ஒருத்தி ஒருவனை மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறாள். அவன் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து, எனக்குக் கல்யாணம், பெண்ணுக்கு உடுப்பு நீதான் தைக்க வேண்டும் என்கிறான். படம் முழுக்கத் தைக்கிறாள். கடைசியில் உடுப்பு மேசைமேல் கிடக்கிறது, அவள் கையில் கத்திரிக்கோல். அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண் உள்ளே வருகிறாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிடுகிறது. உடுப்பை எடுத்துத் தையல்காரியின் தோளில் வைத்து, "இது உன் அளவுதான்" என்கிறாள். சுபம்.

இந்தச் சுபம் படக்காரி தானாகப் போட்டுக்கொண்ட சுபம். உண்மையான முடிவை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் கணவரோடு போன படம் அது. திரையில் கத்திரிக்கோல் வந்ததும் மனுஷன் கடிகாரத்தைப் பார்த்தார், கடைசி பஸ் போய்விடும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் நின்றபடியே அவள் மீதியை யோசித்து முடித்தாள். பிற்பாடு போனில் தேடியிருந்தால் கிடைக்காமலா போயிருக்கும்? தேடவில்லை. அவள் மனசில் அந்தக் கல்யாணப் பெண் எப்போதோ வந்து குடியேறிவிட்டாள், அவளை வெளியேற்ற இவளுக்கு மனமில்லை. போகட்டும், யாருக்கும் அதனால் நஷ்டமில்லை.

நஷ்டம் புதுசு ரூபத்தில் வந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் அவளை நெட்டையிடம் பழக விட்டார், படக்காரியைத் தலையணை உறை மேசைக்கு மாற்றினார். தலையணை உறை மடிக்க ஒரு ஆள் போதும். பேச்சுத் துணை கிடையாது.

புதுசும் உயரம். நெட்டைக்குச் சரியான உயரம். இருவரும் விரிப்பை உதறி நடந்து வந்தால், முனையோடு முனை தாளை மடித்தது போல் உட்கார்ந்தது. யாரும் கையைத் தூக்க வேண்டாம், யாரும் முதுகை வளைக்க வேண்டாம். சூப்பர்வைசர் அந்த அடுக்கைத் தடவிப் பார்த்து, "இப்படித்தாம்மா மடிக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். படக்காரிக்குக் காதில் புகை வந்தது.

அன்றிலிருந்து அவள் கண் கொத்திப் பாம்பாக அந்த மேசையைப் பார்த்தாள். இருவரும் கிட்டே வரும்போது உதடு அசைகிறதா? அசைந்தது. சிரிக்கிறார்களா? சிரித்தார்கள். நெட்டை பல் தெரியச் சிரித்து எத்தனை நாளாயிற்று! என்னிடம் அழத்தான் தெரியும் போலிருக்கிறது, சிரிப்பெல்லாம் வந்தவளுக்கு என்று மனசுக்குள் கறுவினாள். வீட்டில் கணவர் குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று சொன்னதற்கு, "உயரமா ஒருத்தியப் பாத்துக் கட்டிக்கிட்டிருக்கணும் நீங்க" என்று பாய்ந்தாள். உப்புக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனுஷன் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் எதுவும் கிடையாது. அவளுக்கே அது தெரிந்திருந்தது, தெரிந்து என்ன பிரயோஜனம்? வயிறு எரிவது நிற்கவில்லை. நெட்டை கையைவிட்டுப் போய்விடுவாளோ என்கிற பயம் கூடவே எரிந்தது.

பழக்கும் காலம் முடிந்து மறுநாள் ஜோடியைப் பழையபடி மாற்றப்போவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். அன்று தேநீர் நேரத்தில் வழக்கமான சண்டை ஆரம்பித்தது. குடைப் படத்தை ஜெயில் படம் மட்டம் தட்ட, ஜெயில் படத்தைக் குடைப் படம் கிழிக்க, இஸ்திரி அண்ணன் புதுசைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. பழைய படத்துல உனக்கு உசுரு எது?"

"ஒரு தையல்காரி படம் இருக்குண்ணா," என்றாள் புதுசு. "கல்யாணப் பொண்ணுக்கு உடுப்பு தைப்பாளே, அது."

எல்லோரும் படக்காரியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை.

"அது என் படம்," என்றாள்.

"அப்படியாக்கா?" புதுசுக்கு உண்மையாகவே சந்தோஷம். பாவம், சட்டம் தெரியாது. "நான் அதை எத்தனை தடவை பாத்திருக்கேன் தெரியுமா? அந்தக் கடைசிக்காகவே பாப்பேன். கத்திரிக்கோலை எடுப்பா, நாம பதறுவோம். அவ நூலை மட்டும் வெட்டிட்டு, உடுப்பை மடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்துருவா. மறுநாள் காலைல கடையைத் திறந்து, அடுத்து வந்த பொம்பளைக்கு அளவெடுப்பா. அவ்வளவுதான் படம். ஒரு சொட்டு அழ மாட்டா."

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது பொய்யில்லை என்று படக்காரிக்குக் கேட்ட நொடியே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் நின்று யோசித்தபோது இந்த முடிவும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது, வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். இப்போது நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். 'நான் கடைசி வரைக்கும் பாக்கலம்மா' என்றால் ஒருத்தரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் புதுசுக்குப் பக்கத்தில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். தோளோடு தோள், ஒரே உயரம்.

"வாய் கூசாமப் பொய் சொல்றியே," என்றாள் படக்காரி. "நீ அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. எங்கேயோ யாரோ சொன்னதக் கேட்டுட்டு வந்து இங்க அளக்குற. கல்யாணப் பொண்ணு வந்து உடுப்பை அவ தோள்ல வெப்பா. இங்க எல்லாரையும் கேளு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் படக்காரியிடம் கேட்டவர்கள்தானே.

"இல்லக்கா, இங்க சிக்னல் இல்ல, மேல போனதும் போன்ல காட்டுறேன்," என்றாள் புதுசு. குரல் உள்ளே போயிருந்தது.

"என்னத்தக் காட்டுவ? சேந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள எங்க வாயை அடைக்க வந்துட்டியா?"

அப்போது நெட்டை எழுந்தாள். எப்போதும் இந்தச் சண்டைகளில் வாயே திறக்காதவள்.

"போனெல்லாம் வேணாம்," என்றாள். "நான் அந்தப் படம் பாத்திருக்கேன். படக்காரி சொல்றதுதான் சரி."

அதோடு தீர்ந்தது. புதுசு ஒரு தடவை நெட்டையை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு டம்ளரைக் கழுவப் போனாள். கழுவி முடித்தும் திரும்பி வரவில்லை, குழாயடியிலேயே நின்றாள். இஸ்திரி அண்ணன், "சின்னப் பொண்ணு, ஏதோ குழப்பிக்கிச்சு" என்று பெரிய மனதோடு மன்னித்தார்.

படக்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நெட்டை எனக்காக வாய் திறந்துவிட்டாள்! பார்க்காத படத்தைப் பார்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று வீட்டில் கணவருக்கு உப்பு சரியாக விழுந்தது.

மறுநாள் இருவரும் பழைய மேசையில் நின்றார்கள். விரிப்பை உதறி, இழுத்து, கிட்டே வந்தார்கள்.

"நேத்து நீ எனக்காகப் பேசுனியே, அதை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்டி," என்றாள் படக்காரி.

நெட்டை முனைகளை வாங்கிக்கொண்டு விலகினாள். மறுபடி கிட்டே வந்தபோது பேசினாள்.

"நான் நிஜமாவே அந்தப் படம் பாத்திருக்கேன்."

விலகினார்கள். அடுத்த விரிப்பு.

"நீ மொதத் தடவை சொன்னப்பவே, ஆசப்பட்டுத் தேடிப் பிடிச்சு வீட்ல போட்டுப் பாத்தேன். அவ சொன்ன முடிவுதான்."

விலகினார்கள். இயந்திரம் ஒன்று நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"அப்ப ஏன்டி இத்தனை வருஷம் எங்கிட்டச் சொல்லல?" படக்காரியின் வெண்கலக் குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"சொல்லத் தோணல. உன் முடிவு எனக்கு அதவிடப் புடிச்சிருந்துச்சு. விட்டுக்குடுக்குற மாதிரி ஒருத்திய யோசிச்சு வெச்சிருக்கியே, உனக்கு அப்படி ஒரு மனசுன்னு நெனச்சேன்."

விலகினார்கள். இந்த முறை நெட்டை முனைகளை இழுத்து இரண்டு தடவை உதறினாள். பிறகு நடந்து வந்தாள்.

"உண்மையச் சொன்னவள உனக்காகப் பொய்க்காரி ஆக்கிட்டேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. போய் அவகிட்டச் சொல்லிடறேன். இங்க எல்லார்கிட்டயும் சொல்றதா வேணாமான்னு நீயே பாத்துக்க."

தன் முனைகளைப் படக்காரியின் கையில் வைத்துவிட்டு, சூப்பர்வைசரிடம் இரண்டு வார்த்தை பேசினாள். அவர் தலையாட்டினார். நல்ல அடுக்கு வேண்டும் அவருக்கு, மற்ற சங்கதி அவருக்கெதற்கு? நெட்டை கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய், தனியாக நின்ற புதுசுக்கு எதிரே நின்றாள். முதலில் வெகுநேரம் நெட்டை மட்டும் பேசினாள். புதுசு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு நிமிர்ந்தாள், பிறகு ஒரு விரிப்பை எடுத்து அதன் இரண்டு முனையை நெட்டையிடம் நீட்டினாள்.

படக்காரி பாதி மடித்த விரிப்போடு நின்றாள். தனியாளாக மடித்துப் பார்த்தாள். தரையில் புரண்டது. உருளை சூடேறக் காத்திருந்த இஸ்திரி அண்ணன் பரிதாபப்பட்டு வந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோடியில் இருவரும் கிட்டே வந்தார்கள், விலகினார்கள். நெட்டையின் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்க இவ்வளவு நேரம் ஆகாது. கிட்டே வரும்போதெல்லாம் ஒரு வரி, விலகும்போது மௌனம். புதுசு வாய் பிளந்து கேட்டாள், நடுவில் ஒரு தடவை மடிப்பதையே மறந்து நின்றுவிட்டாள். நெட்டை படம் சொல்லிக்கொண்டிருந்தாள். படக்காரி காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். இயந்திரச் சத்தத்தில் ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை.

"அட, நெட்டை படம் சொல்றாளே," என்றார் அண்ணன். "இவ சொல்லி நான் பாத்ததே இல்ல. எது அவ படம்?"

படக்காரி விரிப்பின் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலண்ணா," என்றாள். "நான் கேட்டதே இல்ல."