குறி விளக்கப் பெட்டியின் நிழல்

எரிமலையின் அபாய வரைபடம் அச்சாகி வந்த காலையில், காரங்வுனி என்ற சிற்றூரின் மேல் அளவெடுத்து வெட்டியது போன்ற நாற்கர நிழல் ஒன்று விழுந்தது. ஏழு ஆண்டுகள் அது விலகவில்லை. வானத்தில் எதுவும் இல்லை. வரைபடத்தில் நிறங்களின் பொருளைச் சொல்லும் குறி விளக்கப் பெட்டி அந்த ஊரை மூடியிருந்தது, அவ்வளவுதான். நிழலுக்குள் பாய் அளவில் மூன்று நிறக் கட்டங்கள் தரையில் கிடந்தன. பச்சையில் பிள்ளைகள் கோலி ஆடினார்கள். மஞ்சளில் கோழிகள் முட்டையிட்டன. சிவப்பு, துகிரானின் முற்றத்தில் விழுந்தது.

வரைபடத்தை வடிவமைத்தவள் அவன் மனைவி வெனிங். நகரத்துக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாள். மற்ற ஊர்களின் பெயர்களை மூன்று முறை சரிபார்த்து, ஓடும் வண்டியிலிருந்தும் படிக்கும்படி தடித்த எழுத்தில் வைத்தவள். தன் ஊரைத் தேட அவளுக்கு ஒருநாளும் வரைபடம் தேவைப்பட்டதில்லை. அதனால் அந்த மூலை அவள் கண்ணுக்குக் காலியிடமாகத் தெரிந்தது.

“உங்கம்மா வர்ற அன்னிக்கே வாசல்ல அபாயம்னு போட்டு வச்சிட்டியே,” என்று துகிரான் சிரித்தான்.

“சும்மா இருங்க, மாஸ். அடுத்த பதிப்புல பெட்டியக் கடல் பக்கம் தள்ளிடறேன்,” என்றாள் வெனிங். மாஸ் என்பது அந்த ஊரில் மனைவி கணவனைக் கூப்பிடும் சொல்.

ஒவ்வோர் ஆண்டும் கேட்டாள். “மலைதான் தூங்குதேம்மா. அடிச்ச நாலாயிரம் பிரதியும் மொதல்ல தீரட்டும்,” என்றார் அலுவலகத் தலைவர்.

ஏழாம் ஆண்டு மலை விழித்தது. மக்களை ஏற்றிக் கீழே இறக்க வந்த லாரிகள் வரைபடத்தைப் பார்த்துப் போயின. பெட்டிக்கு அடியில் ஓர் ஊர் இருப்பது வெளியூர் ஓட்டுநர்களுக்குத் தெரியவில்லை. வெனிங் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“லாரி வந்துச்சா, மாஸ்?”

“இன்னும் வரல. மாடு கத்துது, கொஞ்சம் புல்லறுத்துப் போட்டுட்டு நாங்க எல்லாரும் நடந்தே இறங்கிடறோம். நீ சாப்டியா?”

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

நெருப்புச் சாம்பல் மேகம் இறங்கி வந்து, அவள் வரைந்த சிவப்புக் கோட்டின் விளிம்பில், அரை மில்லிமீட்டர் பிசகாமல் நின்றது. பெட்டிக்குள் கோடு இல்லை. அங்கே அது நிற்கவில்லை.

புதிய பதிப்பில் பெட்டி கடலுக்குப் போயிற்று. நிழலும் போயிற்று, அதன் குளிர்ச்சிக்கு மீன் நிறைய வருவதாக மீனவர்கள் சொல்கிறார்கள். காரங்வுனி இப்போது தடித்த எழுத்தில், யாரும் தவறவிட முடியாதபடி இருக்கிறது. அங்கே யாரும் வசிப்பதில்லை.

சிவப்புக் கட்டம் மட்டும் முற்றத்தை விட்டு நகரவில்லை. சனிக்கிழமைதோறும் வெனிங் வந்து அதைச் சுற்றிப் பெருக்கி, நடுவில் ஒரு தம்ளர் காப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். சாயங்காலம் தம்ளர் காலியாக இருக்கும். கழுவி எடுத்துக்கொண்டு கடைசிப் பேருந்துக்கு இறங்குவாள்.