அம்மா பார்க்காத நாடகம்

நான்காவது திருகு மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் வீடியோ ரெக்கார்டரை மடியில் கவிழ்த்துக்கொண்டு, திருப்புளியை இரண்டு கையாலும் அழுத்தித் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்குத் திறந்த கதவு வழியாக மகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மேற்பார்வை பார்க்க அவருக்கு அதுவே போதும்.

“வந்துடுச்சா?”

“வருதுப்பா. அதுக்கும் உங்கள மாதிரியே பிடிவாதம்.”

“உள்ள இருக்கறது எதுவும் அழிஞ்சிடாதே?”

“ஊருக்கெல்லாம் நான்தான் மாட்டித் தர்றேன். ஒண்ணும் போகாதுப்பா.”

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கடைகளிலும் கிடங்குகளிலும் கேமரா மாட்டுவதுதான் அவள் தொழில். ரெக்கார்டரில் டிஸ்க் நிறைந்துபோனால் கழற்றிவிட்டுப் பெரியதாக மாட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இது டிவி நிகழ்ச்சிகளைப் பிடித்துவைக்கும் வீட்டுப் பெட்டி. அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்மா டிவி முன்னால் உட்காரவில்லை. அவளுக்கு உயிரான ஏழு மணி நாடகம் ஓடும்போதுதான் அவள் கொல்லையில் அவருடைய துணிகளை அலசிக்கொண்டிருப்பாள். அப்பா ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒருநாள் விடாமல் அந்த நாடகத்தைப் பதிவு செய்தார். “எல்லாம் முடிஞ்சப்புறம் நிதானமா உக்காந்து பாரு” என்பார். எது முடிந்தபிறகு என்று அம்மா கேட்டதில்லை.

முந்தின நாள் டிஸ்க் நிறைந்து பதிவு பாதியில் நின்றுவிட்டது. உடம்பு வலியைப் பற்றி வாய் திறக்காத மனுஷர் இதற்கு அரைமணி நேரம் புலம்பினார். மகளுக்கு உடனே போன் போகவேண்டியதாயிற்று.

வேலை சுலபமானதுதான். புது டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்து, முதலில் அதைச் சுத்தமாக அழித்துத் தயார் செய்யவேண்டும். பிறகு பழைய டிஸ்க்கைக் கேபிளில் இணைத்து, நாடகங்களை அதிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். அவள் பழையதைக் கழற்றித் தரையில் புதியதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம்.

“கொஞ்சம் இங்க வா” என்றாள் அம்மா, அப்பாவின் கட்டிலருகே இருந்து.

சாதாரணக் குரல்தான். “இதோ” என்று சொல்லி, ஒரு டிஸ்க்கை எடுத்து உள்ளே தள்ளி, மெனுவுக்குப் போய், எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டதற்கும் ஆமாம் சொல்லிவிட்டு எழுந்தாள். கடைகளில் பழைய பதிவு யாருக்கும் வேண்டியதில்லை. அவள் விரல்கள் அந்தப் பொத்தான்களைக் கண்ணைக் கேட்காமலே அமுக்கிப் பழகியவை.

அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. நீளமாக ஒன்று வந்தது. அடுத்ததற்குக் காத்திருக்கவேண்டியிருந்தது. அம்மா அவர் நெஞ்சில் கையை வைத்திருந்தாள். மகள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ கிளம்ப மறுத்த வண்டியோடு மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் வண்டி கிளம்பிப் போனது. இனி அடுத்த மூச்சு வராது என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரிந்தது.

அதன்பிறகு வீடு நிறைந்துவிட்டது. தம்பி வந்தான். அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, அழுதுகொண்டே உள்ளே வந்து, பிரித்துப்போட்ட பெட்டியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

“இந்த நேரத்துல எதுக்கு இதப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?”

“அவரு சொன்ன வேலை. அப்படியே இருக்கட்டும்” என்றாள் அம்மா.

அவ்வளவுதான், அத்தை அதற்குக் காவல்காரி ஆகிவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம், “பாத்து, மிதிச்சிடாதீங்க, எங்கண்ணன் வேலை” என்று சுற்றிப் போகவைத்தாள்.

மறுநாள் மாலை எல்லாம் முடிந்து, எல்லாரும் கிளம்பிப் போனார்கள். தம்பி அத்தையைக் கொண்டுவிடப் போயிருந்தான். மகள் மறுபடி பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, தரையில் மிச்சமிருந்த டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். அதில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு புத்தம்புதிதாக இருந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தாள். நாடகங்களின் வரிசை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாளாக இவள் அழவில்லையே என்று சொந்தங்கள் கவலைப்பட்டுப் போயிருந்தார்கள். இப்போது அழுதாள்.

அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேம்மா.”

“எத?”

“அப்பா உனக்காகப் பிடிச்சு வச்ச நாடகம் பூரா. ஒண்ணும் போகாதுன்னு அவருகிட்ட சொன்னேன். அதுதான் அவருகிட்ட நான் கடைசியா பேசினது.”

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“மீட்டுக் குடுக்கற ஆள் ஒருத்தரு இருக்காரு. கொண்டுபோய்க் குடுத்தா பாதியாவது…”

“வேணாம்.”

“கோவமாம்மா?”

“கோவமில்லடி. அதப் பாத்தா உங்கப்பா மாட்டிக்குவாரு.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தெனமும் முதுகு துடைச்சு விடறப்ப அன்னிக்கு வந்த கதைய எனக்குச் சொல்லுவாரு. அதுல வர்ற மாமியாக்காரிய அவருக்கு ஆகாது. சூறாவளின்னுதான் சொல்லுவாரு. ஒருநாள் அவ கெணத்துல விழுந்து செத்துட்டான்னாரு. சரின்னேன். கொஞ்ச நாள் கழிச்சு லாரில அடிபட்டுச் செத்துட்டான்னாரு. செத்தவ மறுபடி எப்படிங்க சாவான்னு கேட்டா, அது அவளோட அக்காங்கறாரு.”

அழுகைக்கு நடுவில் மகளுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. “பொய்னு அப்பவே தெரியுமா?”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறாரு, தெரியாதா? ஆனா அதச் சொல்றப்ப வலியெல்லாம் மறந்துடுவாரு. அந்த முகத்தப் பாக்கறதுக்கே கேட்டுக்கிட்டு இருப்பேன். நிஜக் கதை போனாப் போகட்டும்.”

“கடைசியா என்ன சொன்னாரு?”

அம்மா தரையில் கிடந்த ஒரு திருகை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

“அந்த மருமக இனிமே தனியாவே சமாளிச்சுக்குவாளாம். அவளப் பத்திக் கவலையில்லைன்னாரு.”

மகள் திருகை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அப்புறம் அம்மா, “மணி என்ன?” என்றாள்.

“ஏழாகப் போகுது.”

“அந்தப் பெரிய டிஸ்க்க மாட்டு. இன்னிலேர்ந்து பாக்கறேன்.”

மகள் விலைச்சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் புது டிஸ்க்கை மாட்டினாள். பெட்டி அதை ஏற்றுக்கொண்டு தயாரானது. சரியாக ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. ஒரு கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு கனமான கண்ணாடியோடு ஓர் அம்மாள் இறங்கி, இறங்கும்போதே டிரைவரைத் திட்டினாள்.

“இவளா?” என்றாள் மகள்.

“இவளேதான். குத்துக்கல்லு மாதிரி இருக்கா பாரு.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரிமோட்டை எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினாள்.